நாலாவது தடவை

ராத்திரி நாலாவது தடவை எழுந்து போகிறேன்.
கொருக்குப்பேட்டை யார்டில் கடைசி கூட்ஸும் போயாச்சு.
எனக்குத்தான் இன்னும் வரவில்லை.

பதினெட்டு வருஷம்
பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கினேன்.
நாக்கில் எப்போதும் ஓர் இனிப்பு.
டீ குடி, போயிடும் என்பார் மேஸ்திரி தேசப்பன்.
சர்க்கரை போடாத டீயும் இனித்தது.

ஸ்டான்லியில்
கையுறை மாட்டிய சின்னப் பையன்
திரும்பிப் படுங்க என்றான்.
சுவரில் பல்லி. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என்ன வேலை என்று கேட்டான்.
சொன்னேன்.
எழுதுகிற பேனா ஒரு நிமிஷம் நின்றது.
அதனாலயா சார்?
வயசும் இருக்குல்ல.

வீட்டில் சுகர் என்று சொல்லியிருக்கிறேன்.
சுகருக்குத் தெருவில் யாரும் சிரிப்பதில்லை.

விடிவதற்குள் தண்ணி லாரி வரும்.
சகாயமேரி குடத்தை வைப்பாள்.
அந்தச் சத்தம் கேட்டால்
எனக்கும் கொஞ்சம் வரும்.