மூன்றுக்கு ஆறு எனில்

மூன்றுக்கு ஆறு எனில் ஐந்துக்கு என்ன?
நாலு விடை கொடுத்திருந்தார்கள்.
பத்து, பதினைந்து, இருபது, நூற்றிருபது.

தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளி,
கால் ஆடும் பெஞ்சு.
பத்தின் வட்டத்தைக் கருப்பாக்கினேன்.
மூன்றின் இரட்டை ஆறு, வேறென்ன.
ஒன்றரை மதிப்பெண்ணில் போனது வேலை.

விடைக்குறிப்பு நூற்றிருபது என்றது.
எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியை
நாமாகவே போட்டுக்கொள்ள வேண்டுமாம்.
ஒன்றை இரண்டால், வந்ததை மூன்றால்,
அப்படியே ஐந்துவரை பெருக்கிக்கொண்டு
மூச்சுவிடாமல் ஏற வேண்டுமாம்.

இப்போது புளியரை எடைமேடையில் ராத்திரி வேலை.
எஸ் வளைவு ஏறுமுன் லாரிகள் இங்கே நின்று
தங்கள் கனத்தைத் தெரிந்துகொண்டு போகின்றன.
ஒரு வண்டிக்கும் மறு வண்டிக்கும் நடுவே
எனக்குப் பத்து நிமிஷம்.
எடைச்சீட்டின் முதுகுதான் நோட்டு.

அதில்தான் பார்த்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்றைக் கூட்டினாலும் ஆறு;
ஐந்துவரை கூட்டினால் பதினைந்து.
மூன்றின் வர்க்கத்தில் மூன்று போனாலும் ஆறு;
ஐந்தின் வர்க்கத்தில் ஐந்து போனால் இருபது.
பாவிகளா, நாலும் சரி!
நாலு கதவையும் திறந்து வைத்துவிட்டு
ஒரு வாசலில் மட்டும் பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள்.
மறுப்புச் சொல்ல ஏழு நாள் தந்தார்கள்.
எனக்கு இது விளங்கியது எட்டாம் நாள்.

இரண்டு முக்காற்புள்ளி, பக்கத்தில் பக்கத்தில்.
உவம உருபு என்று மனப்பாடம் செய்தோமே,
அந்தப் 'போல'தான்
இங்கே நாலு புள்ளியாகச் சுருண்டு கிடக்கிறது.
முகம் நிலாப்போல என்று இனி எவன் சொன்னாலும்
வெளிச்சமா, வட்டமா, அதிலுள்ள தழும்பா என்று
கேட்டுவிட்டுத்தான் தலையாட்டுவேன்.

நேற்றுச் சாரல். ஒரு மணிநேரம் கரண்ட் இல்லை.
வந்தபோது ஐந்து லாரி; வரிசை இல்லை.
ஜல்லி, வைக்கோல், பல்லாரி, நாமக்கல் முட்டை,
தள்ளி இருட்டில் ஒரு மாட்டு லாரி.
"ஞானாணு ஆத்யம் வந்நது" என்றார் புனலூர் தங்கச்சன்.
உச்சிமாகாளி கதவை அறைந்துவிட்டு இறங்கினான்.
அங்கப்பன் முட்டைமேல் சத்தியம் செய்தார்.
வைக்கோல்காரன் மேடைக்குக் குறுக்கே படுத்தேவிட்டான்.
நாலு பேர், நாலு வரிசை.
இன்னும் நூற்றுப்பதினாறு பாக்கி இருக்கு,
அதையும் யாராவது சொல்லுங்க என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

மாடு முதலில் போகட்டும் என்றேன்.
அதுவரை வாயே திறக்காத நாகூர்மீரான்
சத்தமில்லாமல் வண்டியை ஏற்றினார்.
தகரத்தில் குளம்புகள் மாற்றி மாற்றித் தட்டின;
எடை நிலைக்க நேரமானது.
மீதி நாலு வண்டி. இருபத்துநாலு வழி.
அடுத்து முட்டை.
மீதி மூன்று.
பேனா நின்றுவிட்டது.
மூன்று வண்டி, ஆறு வழி.
கேள்வித்தாளின் அதே மூன்றும் அதே ஆறும்
என் ஜன்னலுக்கு வெளியே
ஈரத்தில் குத்தவைத்துப் பீடி குடித்துக்கொண்டிருந்தன.

நூற்றிருபதை ஒத்துக்கொள்கிறேன்.
மற்ற மூன்றையும் கைவிட்டேன் என்று அர்த்தமில்லை.

விடியும்போது ஒரு வண்டியும் இல்லை.
ஒன்றுமில்லாததை அடுக்க எத்தனை வழி?
ஒரு வழி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.
இந்த முற்றத்தைப் பார்த்தால் நம்பலாம்.
ஆனால் திரையில் சுழி வரவில்லை.
மேடையில் தேங்கிய சாரல் தண்ணீர்
இருபது கிலோ என்றது.
இருபது.
சிரித்துக்கொண்டே விளக்குமாற்றை எடுத்தேன்.