இரண்டு அங்குலம்

பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றித்
தரையில் நிறுத்தி
உள்ளங்கையால் அழுத்தினார் முனவர்.
உள்ளே போனது.
திரும்பி வரவில்லை.
"பாத்தீங்களா சார், மூச்சே இல்ல.
ஒரு வருசமா பொணத்து மேல உக்காந்து ஓட்டியிருக்கீங்க."

கலாசிபாளையத்தில் காலை பதினொரு மணி.
பின்னால் எடுக்கும் பஸ்களுக்கான விசில்
கேரேஜ் தகரத்தில் மோதி மோதி உதிர்ந்தது.
நாலு ஸ்டாண்டின் மேல் சக்கரமில்லாமல் எங்கள் பிக்கப்,
பல் டாக்டர் நாற்காலியில்
வாயைத் திறந்தபடி விடப்பட்டவனைப் போல.

கட்டை வைத்துத் தூக்கினால்
மூவாயிரத்தில் முடியுமாமே என்றேன்.
"ஹீல்ஸ் செருப்பு போட்டா ஆள் வளந்துருமா?"
முன்னால் புதுச் சுருள், புது ஆர்ம்.
பின்னால் பட்டைக்கட்டில் கூடுதலாக ஓர் இலை.
பிரேக் ஹோஸ்கூட நீளமானது வேண்டும்,
பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது
அதுதான் முதலில் அறுமாம்.
ஜே.சி. ரோட்டுக்கு மூன்று நடை.
மூன்றாவது நடையில்
விலை கேட்பதை விட்டுவிட்டேன்.

ஹெப்சிபாவிடம் ஒரு தொகை சொல்லியிருந்தேன்.
அது முன்பக்கத்துக்கு மட்டும்.

ராமநகரப் பாறைகளில்
விரலில் வெள்ளைப்பொடி பூசிக்கொண்டு
பல்லி மாதிரி ஏறியவள்.
ஓசூர் ரோட்டில் ஒரு தண்ணி லாரி.
முழங்காலில் இப்போது ஒரு தகடு, பதினோரு திருகு.
படி ஏறலாம், பாறை கூடாது.
கனகபுரா தாண்டி ஒரு மண்தடம்,
தடத்தை வெட்டும் ஓடை,
ஓடைக்கு அந்தப் பக்கம்
யாரும் பெயர் வைக்காத செங்குத்துப் பாறை ஒன்று.
"ஏறல. அடியில நின்னு அண்ணாந்து பாத்தா போதும்."
இரண்டு முறை போனோம்.
இரண்டு முறையும் ஓடையின் நடுக்கல்
வண்டியின் வயிற்றைத் தொட்டுத்
திருப்பி அனுப்பிவிட்டது.

சாயங்காலம் வண்டி சக்கரத்தில் இறங்கியது,
இறங்கியும் நின்றுகொண்டே இருந்தது.
டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில்
ஒரு பூனை புகுந்து போகலாம்.
ஹெப்சிபா ஆட்டோவில் வந்தாள்.
சுற்றி வந்தாள்.
சீட்டின் விளிம்பு அவள் விலாவுக்கு நேராக இருந்தது.

அதை நான் யோசிக்கவில்லை.
மில்லிமீட்டரில் பேசும் முனவரும் யோசிக்கவில்லை.
கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.
"ஒரு ஸ்டெப் வெல்ட் பண்ணிரலாம் மேடம்..."

அதற்குள் அவள் விரல்கள் தேட ஆரம்பித்திருந்தன.
கதவுச் சட்டத்தின் மடிப்பு,
பெல்ட் கொக்கி,
டாஷ்போர்டின் கீழே எனக்கே தெரியாத ஒரு பிடி.
தகடு போட்ட காலைச் சும்மா தொங்கவிட்டு
தோளால் ஏறினாள்.
ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையன்
இரண்டு ஸ்பானரைத் தட்டிக் கைதட்டினான்.
மேலே உட்கார்ந்து
மூச்சு அடங்கும்வரை யாரையும் பார்க்கவில்லை.
பிறகு சொன்னாள்:
"ஸ்டெப் போடுங்க பாய்.
எறங்கறதுதான் எப்பவும் கஷ்டம்."

வெல்டிங் கடை மூடியாயிற்று. நாளைக்கு.
அதற்கு முன் இன்னொரு வேலை பாக்கி என்று
சுவர் எதிரே வண்டியை நிறுத்தச் சொல்லி
ஹெட்லைட் திருகைத் திருப்பினார்.
முகப்பு உயர்ந்துவிட்டதால்
எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்குமாம்.
சுவரில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது,
பழைய காலண்டர், சாக்பீஸ் கணக்கு,
கிரீஸ் கைத்தடங்கள்,
ஒரு கோடு வரை.

எங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்டை
வழியெல்லாம் மறந்திருந்தேன்.
மஞ்சள் கறுப்புக் கம்பி முன்னால் பிரேக் அடித்தேன்.
ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு
இரண்டு விரலால் இடைவெளி காட்டினாள்.
"இவ்ளோ இருக்கு. வா."

ஒவ்வொரு உத்தரத்திலும்
ஆன்டெனா ட்ரிங் என்றது.
எண்ணிக்கொண்டு வந்தாள். ஒன்பது.

எஞ்சினை அணைத்தும் இறங்கவில்லை.
புதுச் சுருள் எங்கோ க்ரிக் என்று
உட்கார இடம் பார்த்தது.
இருட்டில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்,
ஓடையில் இப்போது தண்ணி வந்திருக்குமா என்று.