எடைச் சீட்டின் பின்பக்கம்

வியாழக்கிழமையே போய்ப் பார்த்துவிட்டேன்,
தனியாக.
பாடாங் செராய் திடலில் ஃபன்ஃபேர் இறங்கிய மூன்றாம் நாள்.
செம்பனைக் குலைகளை ஆலையில் கொட்டிவிட்டு
சேறு காயாத பூட்ஸோடு
வாத்து ரயிலில் ஏறி உட்கார்ந்தேன்.
முழங்கால் தாடையை இடித்தது.
பின் வாத்தில் இருந்த பையன்
அவன் அம்மாவிடம் ஏதோ சொன்னான்,
இருவரும் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும்.

ஆலையில் தந்த எடைச் சீட்டின் பின்பக்கம்
எழுதிக்கொண்டேன்:
வாத்து ரயில், நடுவில் ஒரு குகை,
இருட்டு பதினோரு வினாடி. வேண்டாம்.
தேநீர்க் கோப்பை, மெதுவாகத்தான் சுற்றுகிறது,
முடியும்போது சங்கு ஊதுகிறான். வேண்டாம்.
ராட்டினம், பேச்சே இல்லை.
குதிரைகள், எல்லாவற்றுக்கும் பல் தெரிகிறது.
பழுப்புக் குதிரைக்கு மட்டும்
யாரோ வாயை உடைத்து வைத்திருக்கிறார்கள்.
பார்க்கலாம்.

யோகஷினிக்கு ஐந்து வயது.
குக்கர் முதல் விசில் அடிக்கும் முன்னே
குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.
கோயிலில் உறுமி அடித்தால் என் சட்டைக்குள் தலை.
எண்ணெய் நிலையக் கழிவறையில்
கை காயவைக்கும் மெஷின் இருக்கிறதா என்று
அவள் அம்மா முதலில் போய்ப் பார்த்து வர வேண்டும்.
பழகிடும் என்கிறார் பாலர் பள்ளி ஆசிரியை,
இரண்டு வருடமாக.
புஷ்பலதாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை.
"பயந்தா தூக்கிட்டு வந்துடுங்க, பிள்ளைகிட்ட கத்தாதீங்க."
அவ்வளவுதான் சொன்னாள், வேனில் ஏறும்போது.

சனிக்கிழமை. ஆறு டிக்கெட், பதினெட்டு வெள்ளி.
குதிரையை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.
"அது நிக்குமா?"
நிக்கும்.
"யாரு நிறுத்துவா?"
அதோ, அந்த அண்ணன்.
"அவருக்குத் தூக்கம் வந்தா?"

சட்டைப்பையில் சீட்டைத் தடவினேன்.
அதற்கு ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை.

அவளே கம்பித் தடுப்பைச் சுற்றிப் போனாள்.
நெம்புகோல் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி,
அதில் ஒரு கிளந்தான் பையன்,
ஐஸ் மைலோவை உறிஞ்சிக்கொண்டு.
பெயர் கேட்டாள். ஹஃபீஸ்.
"ஜாங்ஙான் தீடோர், அபாங் ஹஃபீஸ்."
தூங்கக் கூடாதென்று உத்தரவு.
அவன் மைலோவைக் கீழே வைத்தான்.
இரண்டு விரலால் கண்ணை அகலத் திறந்து காட்டினான்.
பிறகு, யாரும் கேட்காமலே,
பாட்டை அணைத்தான்.

பாட்டில்லாத குதிரைகள்
கிரீஸ் காணாத முனகலோடு நகர்ந்தன.
வாய் உடைந்த பழுப்பின் மேல் அவள்,
இடுப்பைப் பிடித்தபடி நான்.
பலூன்காரன், பச்சை விளக்கு,
காற்று திரும்பினால் வருகிற ரப்பர்ப் பால் நாற்றம்,
எதிலும் அவளுக்கு அக்கறையில்லை.
ஒவ்வொரு சுற்றிலும் அந்த நாற்காலி வரும்வரை
கழுத்தைத் திருப்பியே வைத்திருந்தாள்.
வந்ததும் எனக்குச் சொன்னாள்:
"முழிச்சிருக்காரு."
ஐந்து சுற்று. ஐந்து தடவை.
இறங்கியதும், வேற எதுவும் வேணாம் என்றாள்.
அழவில்லை. சோளம் கேட்டாள்,
வெண்ணெய் நிறையப் போட்டு.

இரவு, பாதி தூங்கிவிட்டாள் என்று
விளக்கை அணைக்கக் கை நீட்டியபோது:
"அப்பா, லோரி ஓட்டுறப்ப
உனக்குத் தூக்கம் வருமா?"

லூனாஸ் வளைவு.
போன மாதம், விடியற்காலை நான்கு மணி மழை,
முதுகுக்குப் பின்னால் ஒன்பது டன் குலை.
கண் திறந்தபோது
சாலையின் வெள்ளைக் கோடு
இருக்கக்கூடாத பக்கத்தில் இருந்தது.
புஷ்பலதாவிடம் சொல்லவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.

"வராதும்மா."
என்னையே பார்த்தாள்,
மற்றக் குதிரைகளைப் பார்த்தது மாதிரி.
பிறகு சோள வாசனை அடிக்கும் ஒரு விரலால்
என் இமையைத் தூக்கி
உள்ளே பார்த்தாள்.

திங்கட்கிழமை,
வளைவுக்கு அரை மைல் முன்பே ஓரம் கட்டி,
இரட்டை விளக்கைப் போட்டுவிட்டு,
ஸ்டியரிங்கில் தலை வைத்து
இருபது நிமிடம் தூங்கினேன்.
ஆலை வாசலில் கிராணி மணியைக் காட்டிக் கத்தினார்.
கத்தட்டும்.