முழு எண்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறார்
பாயான் லெப்பாஸில், பதினொன்றாம் மாடியில்,
குளிரூட்டிக்கு நேர் கீழே என்னை உட்காரவைத்து.
ஒரே பக்கம்தான். அவர் கையில்தான் இருக்கிறது.
லோஷினி த/பெ குணாளன், கோல கெட்டில், கெடா.

அந்தப் பக்கத்தில் இடம் போதாமல் விட்டது:
தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பன்னிரண்டு கணினி, ஓடுவது ஐந்து.
ஒன்றுக்கு மூவராய் முட்டிக்கொண்டு உட்கார்ந்ததில்
என் பங்குக்கு எப்போதும் சுட்டெலி.
விசைப்பலகை விசாகனுடையது.
மூன்றாமவள் வானத்தைப் பார்த்துக்கொள்வாள்;
இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது அவள் வேலை.

சங்லூன் மெட்ரிக்குலேசனில் இடம் கிடைத்தது
இரண்டாம் மேல்முறையீட்டில்.
கடிதம் வரும்போது அங்கே பாடம் தொடங்கி மூன்று வாரம்.
அம்மா கையுறை ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து
சீருடையோடே என் பெட்டியைக் கட்டினாள்.

சிந்தோக்கில் நான்காண்டு.
முதலாண்டில் ரிக்கர்ஷன் மண்டையில் ஏறவேயில்லை.
விடுமுறையில் ஒருநாள் செம்பனை வரிசைக்குள்
மோட்டாரில் வழிதவறி
அதே பள்ளத்துக்கு நான்காம் தடவை வந்து நின்றேன்.
நிற்கும் இடத்தை எழுத மறந்தால்
தன்னையே அழைத்துக்கொண்டிருக்கும், விடியும்வரை.

தொழிற்பயிற்சிக்குப் பினாங்கில் பதினாலு கம்பெனி.
ஒன்றும் வாய் திறக்கவில்லை.
தோட்ட அலுவலகம் வீட்டிலிருந்து இருபது நிமிடம்.
"கம்ப்யூட்டரா படிக்கிற? பிரிண்டர் கெட்டுக் கெடக்கு, பாரு"
என்றார் பெரிய கிராணி.
நேர்காணல் முடிந்தது.

உதிரிப்பழம் மூட்டை மூட்டையாய் வரும்.
தராசு சொல்லும், முப்பத்தொன்று புள்ளி எட்டு.
திரை சொல்லும், முப்பத்தொன்று.
பதினோரு வருடத்துக்கு முன் எவரோ
அந்தக் கட்டத்தை முழு எண்ணாக அறிவித்துவிட்டுப் போயிருக்கிறார்.
கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அவசரம்.
நானும் செய்திருக்கிறேன் இரண்டாம் பருவத்தில்;
அரை மதிப்பெண் போயிற்று.
இங்கே புள்ளிக்கு அப்பால் இருந்ததெல்லாம்
ஒவ்வொரு மூட்டையிலும் போயிற்று,
உதிரியிலும் உதிரி.

என்சிக் ரோஸ்லானிடம் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்,
மறுபடி கழற்றினார்.
"பழைய கணக்கைத் தொடாதே. இன்றிலிருந்து மாற்று."

ஒரு சொல்லை அடித்துவிட்டு இன்னொரு சொல்.
மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது.
பழைய கணக்கை நான் தொடவில்லை.
கூட்டிப் பார்த்தேன், அவ்வளவே.
பார்க்காமல் இருந்திருக்கலாம்.

சம்பளத்துக்கு மறுநாள் ஷஃபிகுல் வந்தார்,
வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு.
சீட்டில் பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு அதிகம்.
"தவறி விழுந்ததா? அடுத்த மாதம் பிடிப்பீர்களா?"
மலாயில் கேட்டார், எனக்காக மெதுவாக.
அந்தப் பன்னிரண்டு வெள்ளியைத் தனியே மடித்துச்
சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார்,
திருப்பிக் கொடுக்க.
"இல்லை. கணக்கு சரி" என்றேன்.
சரி என்கிற சொல் அன்று எனக்கு
முழுதாய் வெளியே வரவில்லை.

"எடைப்பதிவு மென்பொருளில் சிறு திருத்தம்"
என்ற வரியில் இவர் விரல் நிற்கிறது.
"சிறு என்றால்? எத்தனை சதவீதம்?"
"ஒன்று புள்ளி ஆறு."

குனிந்து எழுதுகிறார்.
அடுத்தவர் திரையைப் பக்கவாட்டில் வாசிக்க
மூன்றாம் ஆண்டிலிருந்தே எனக்குப் பழக்கம்.
2 என்று போட்டிருக்கிறார்.

திருத்தச் சொல்லலாமா என்று
குளிரில் கைகட்டி
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.