எந்தக் குடி

இரவு ரயிலில் வந்தது ரெஜிபோம் பெட்டி.
நாற்பது உருப்படி. நீலம்.
இடுக்கி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.
நண்டிறால் என்று பலகையில் எழுதி வைத்தேன்.
அரசடியில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள்
கண்ணாடியில் மூக்கை அமுக்கிக்கொண்டு நின்றார்கள்.

கல்லுக்கடியில் பகலைக் கழிக்கிற சீவன்கள்
பதினோராம் நாள் பட்டப்பகலில் வெளியே வந்தன.
காலை உயர்த்தி உயர்த்தி வைத்து,
கல்லடிக் கடற்கரையில் பன்னிரண்டு மணிக்குச்
செருப்பைத் தொலைத்தவனின் நடை.
ஒன்று மல்லாந்தது.
விரலால் நிமிர்த்திவிட்டேன்.
மறுபடியும் மல்லாந்தது, எனக்குச் சொல்லிக் காட்டுவதுபோல.
வாலுக்கடியில் சதை
அவித்த முட்டையின் வெள்ளை.
கண்ணோரம் பஞ்சு நூல் ஒன்று,
தண்ணீர் அசையும்போது மட்டும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தெட்டும் முடிந்தன.

முப்பத்தெட்டு.
மற்ற இரண்டையும் விற்றிருந்தேன்.

பரிசோதனைக்கூடத்திலிருந்து நிஸ்மியா பேசினாள்.
காளான் இல்லை, காளான் மாதிரி ஒன்று, என்றாள்.
செடியா? இல்லை.
பூச்சியா? அதுவும் இல்லை.
அப்ப எந்தக் குடிகா அது, என்று கேட்டேன்,
கலியாணம் பேசப் போன வீட்டில் கேட்பதுபோல.
சிரித்துவிட்டாள்.
கடற்பாசிக்குத்தான் கிட்டத்துச் சொந்தமாம்.
அதன் வித்துக்கு இரண்டு வாலாம். கண் கிடையாதாம்.
நீந்துமாம். ஓடு பட்டால் ஒட்டுமாம்.
பிழையான இடத்தில் ஒட்டிவிட்டால்
சுருண்டு படுத்து, எழும்பி, திரும்பவும் நீந்துமாம்.
அமெரிக்கச் சாதி அதை முதுகில் வைத்துக்கொண்டே
தின்று குடித்து வாழுமாம்.
மற்றச் சாதிகள் சாகுமாம்.

எங்கட வாவி இறாலுக்கு?

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
தெரியாது, என்றாள்.
தெரியாது என்பதை
இல்லை என்று எடுத்திடாதே.

கடைக்குப் பின்னால் வடிகான்.
வடிகானுக்கு வாவிதான் வாசல்.
மாரி பிறந்து பத்து நாள்; முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை.
இந்த நாட்களில் வாவிக்குத் தன் உப்பே மறந்துபோகும்.
பத்து வாளித் தண்ணீருக்கு
அரைப்பை பிளீச்சிங் பவுடர்.
கண் எரிய எரியக் கலக்கினேன்.
வலையை, குழாயை, கூழாங்கற்களை
தகரக் கூரையில் ஏற்றினேன்.
காய்ந்தால் செத்துவிடுமாம்.
மழை விட்டுவிட்டுப் பெய்தது.
இறக்கினேன், ஏற்றினேன், இறக்கினேன்.

வாங்கியவன் ஆயித்தியமலைக் கோபிதரன்.
மகளின் பிறந்தநாளுக்கு.
"ரெண்டும் ஒண்டையொண்டு கடிச்சுக் கொல்லுது அக்கா.
பாவமெண்டு வாய்க்காலில விட்டுட்டம்."

எந்த வாய்க்கால் என்று கேட்கத் தேவையில்லை.
உன்னிச்சைத் தண்ணீர் வயலுக்குப் போகிற வாய்க்கால்.

தேங்காய்ச் சொட்டு கட்டி மூன்று கூடு இறக்கினோம்.
இரண்டு இரவு. பனி. நுளம்பு.
கோபிதரன் தன்னையே ஏசிக்கொண்டிருந்தான்.
நான் என்னைப் பற்றி வாய் திறக்கவில்லை.
விற்கும்போது சொல்லியிருக்கலாம்
ஒரு வசனம்:
வெளியில் விடாதே.
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் விடிய ஒன்று ஏறியது.
கொழுத்த நீலம். இடுக்கியை விரித்து
என்னை வெருட்டியது.
நல்ல சுகம்.
சுகமாக இருப்பதுதான் பயமாக இருந்தது.

வரம்பால் வந்த ஒருவர் நின்று பார்த்தார்.
"என்ன புள்ள தேடுறீங்க?"
இன்னொரு நீலம், என்றேன்.
"தின்னலாமா?"
தின்னலாம். ஆனால்
கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்?
என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

வலைக் கண்ணில் சிக்கியிருந்தது
வாய்க்காலின் சொந்த இறால் ஒன்று,
நகத்தளவு. கண்ணாடி உடம்பு.
உள்ளே குடல் ஒரு கறுப்புக் கோடு.
எடுத்து அதே தண்ணீரில் விட்டேன்.
வேறெங்கே விடுவது.

சப்பாத்துகளை வேலிக் கம்பில் கவிழ்த்தோம்.
மதகுச் சுவரில் வலை.
வெயில் ஒரு வழியாக வெளியே வந்தது.
போன் அடித்தது. நிஸ்மியாவாக இருக்கும்.
கை இரண்டும் ஈரம்.
அடிக்கட்டும் என்று
விரல்களை விரித்து
வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நின்றேன்.