முக்கால் ஆள்

ஏழு புள்ளி ஒன்று.
பேஸ்பால் ஏட்டில் அந்த ஒன்று
பத்தில் ஒன்றில்லை, மூன்றில் ஒன்று:
ஒருத்தி அவுட், இன்னும் இருவர் பாக்கி.
வீட்டில் சொல்லிப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

மற்ற நாளில் மின்வாரிய மீட்டர்.
சனி ஞாயிறு பாளையங்கோட்டை மைதானத்தில்
ஒரு மடக்கு மேசை, இரண்டு பென்சில்,
மேல்காற்றுக்குப் பறக்காமல்
ஏட்டின் மேல் ஒரு பூட்டு.

முப்புடாதி நான்கு வருஷமாக எறிந்ததெல்லாம் இதில்.
இருநூற்றுப் பன்னிரண்டு இன்னிங்ஸ்.
அடித்துப் போனவர்கள் தொண்ணூற்றெட்டு.
நாலு பந்து விலகிப்போனதால்
சும்மா நடந்து போனவர்கள் அறுபத்தொன்று.
கூட்டி வகுத்தால் முக்கால், மீதியே இல்லை.
வள்ளியூர் ஸ்டெல்லா பாய் புள்ளி ஒன்பது ஒன்று.
மேலப்பாளையம் ரஹ்மத் நிஷா ஒன்றைத் தாண்டிவிட்டாள்.
ஜில்லாவில் இவளுக்குக் கீழே ஆளில்லை;
கீழே இருப்பதுதான் இந்தக் கணக்கில் மேலே.

இன்னிங்ஸுக்கு முக்கால் ஆள்.
அந்த ஆளைப் பற்றிச் சில ராத்திரி யோசித்ததுண்டு.
முதல் பேஸ் மூட்டையில் ஒரு காலை ஊன்றி
மறுகால் இல்லாமல்
ஓடவும் முடியாமல்
திரும்பவும் முடியாமல்.
வராமலே போனவர்களுக்கு இந்த அவஸ்தை இல்லை,
வட்டத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று,
அவ்வளவுதான்.

கடைசி ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ்,
அம்பாசமுத்திரம் ஜெபக்கனியின் முழங்கையில் பந்து.
மட்டையில் பட்ட சத்தம் என்று
நாலு பேர் கை தட்டிவிட்டார்கள்.
நன்னாரி சர்பத் வண்டியிலிருந்து ஐஸ் வந்தது.
கைக்குட்டையில் கட்டிப் பிடித்தபடி
அவள் முதல் பேஸுக்கு நடந்தாள், பைய.

முடிந்ததும் முப்புடாதி மேசைக்கு வந்தாள்.
தோளில் இன்னும் மண்.
"அண்ணாச்சி, அந்தப் பிள்ள எதுல நிக்கா?"
காட்டினேன். பந்து பட்டவர்களுக்கு வேறு கட்டம்.
உன் முக்காலில் சேராது,
எந்த ஊரிலும் சேராது, விதி அப்படி.
"வந்து நின்னாள்லா?"
நின்றாள்.
"பொறவு?"

பூட்டை எடுத்தேன், காற்று இரண்டு பக்கம் புரட்டியது.
ஏட்டில் நான் எதையும் திருத்தவில்லை.

திங்கட்கிழமை பெருமாள்புரத்தில்
ஒரு மீட்டர்ப் பெட்டி முன்னால் நின்று
நூற்று அறுபதை
இருநூற்றுப் பன்னிரண்டால் உள்ளங்கையில் வகுத்தேன்.
புள்ளி ஏழு ஐந்து நான்கு ஏழு,
அதற்கு மேலும் போகிறது.
வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள்:
"என்ன, கூட வந்திருக்கா?"
கொஞ்சம், என்றேன்.