பாமினியில் பிறந்தவர்கள்

எட்டு ஐந்துக்கு லப்டொப்பை அமத்திவிட்டுக்
கீழே போய்
பிளேன்டீ குடித்து, காசு கொடுத்து, மிச்சம் வாங்கி
மேலே வந்தேன்.
வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

புதுக்கடையில், நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில்
சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று
மூன்று மொழியில் பலகை வைத்திருப்பவள் நான்.
தமிழில் பிறந்தவர்களை ஆங்கிலத்துக்கும்
சிங்களத்தில் இறந்தவர்களைத் தமிழுக்கும்
பக்கம் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு
மாற்றிக் கொடுக்கிறேன்.

கதிரையில் செபமாலை குரூஸ்.
மன்னாரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவர்.
மனைவி கொழும்பு ஆஸ்பத்திரியில் செத்ததால்
சிங்களத்தில் செத்திருக்கிறா.
காணி மாற்றக் கச்சேரி தமிழில் கேட்கிறதாம், திங்களுக்குள்.
"அவசரமில்லை மிஸ்" என்கிறார்
மணிக்கூட்டைப் பார்த்தபடி.

ஆலோசனைக்குக் குறைவில்லை.
மக் வாங்குங்கோ அக்கா என்றான்
மெல்பேர்னிலிருந்து நிரோஜன்.
விலையை ஆயிரத்து இருநூறால் பிரித்துப் பார்த்தேன்:
முன்னூற்று முப்பத்து மூன்று மரணம்.

மேல்மாடிச் சட்டத்தரணியிடம் வேலை பார்க்கும் சமிது
பென் ட்ரைவ் ஒன்றைத் தந்தான். லினக்ஸ்.
"நிக்கங் மிஸ்" என்றான்.
நமது சும்மாவைப் போலத்தான் அந்தச் சொல்லும்,
இலவசமா, காரணமில்லாமலா என்று
சொல்வதில்லை.

நாற்பது வினாடியில் திறந்தது.
கொஞ்சம் மனம் போய்விட்டது எனக்கு.
பழைய கோப்பொன்றைத் தட்டினேன்.
பிறப்பு என்று இருக்கவேண்டிய இடத்தில்

gpwg;G

என்று இருந்தது.
பாமினி எழுத்துரு தெரியாத ஊரில்
என் பதினொரு வருடமும்
அரைப்புள்ளி தூவிய குப்பை.

செபமாலை எட்டிப் பார்த்தார்.
"இது என்ன பாஷை மிஸ்?"
"தமிழ்தான்."

பம்பலப்பிட்டிக்கு ஓட்டோ பிடித்தேன்.
அவரும் கூடவே ஏறினார்,
போக வேறு இடமில்லை.

ருஷ்தி அடிமூடியைக் கழற்றினான்.
விசிறியில் உப்புப் பிடித்த தூசி,
ஒரு கரப்பானின் செட்டை.
"இதால மட்டும் இல்ல மிஸ்.
டிஸ்க் நூறு வீதம் ஓடுது, பாருங்க.
தேடினா உடனே எடுத்துத் தர எண்டு
உள்ள இருக்கிற எல்லாத்தையும் வாசிச்சு வைக்கும் இது.
அந்த அட்டவணை பழுது.
முடிக்க முன்னமே திரும்ப முதல்ல இருந்து."
"எப்ப இருந்து?"
"யாருக்குத் தெரியும்."

திகதியும் முத்திரையும் போட்டு
நான் மறந்துபோன ஆட்களை
ஒருவர் விடாமல், ஒவ்வொரு காலையும்
பெயர் வாசித்துக் கூப்பிட்டிருக்கிறது,
நான் பிளேன்டீக்குப் போன நேரங்களில்.
யாரும் பதில் சொல்லாததால்தான்
இவ்வளவு தாமதமாக்கும்.

"நிப்பாட்டவா?"
செபமாலை என்னைப் பார்த்தார்.
நான் விலைப்பட்டியலைப் பார்த்தேன்.
நிப்பாட்டச் சொன்னேன்.

எஸ்.எஸ்.டி பதினாறாயிரம்.
ரம் ஒன்பதாயிரம்.
விசிறி துடைத்தது நிக்கங்.

இப்போது இரண்டும் இருக்கிறது உள்ளே.
கறுப்புத் திரை எது என்று கேட்டுவிட்டுப்
பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குகிறது.
பழைய ஆட்கள் பிரதி கேட்டு வந்தால் விண்டோஸ்;
அவர்கள் அங்கேதான் தமிழர்.
புதியவர்கள் மற்றப் பக்கம், யுனிகோடில்.
சில காலைகளில் ஒன்றையும் தொடாமல்
பூச்சியம் வரைக்கும் விட்டுப் பார்க்கிறேன்.

பிலோமினா குரூஸ்தான் அந்தப் பக்கத்து முதல் ஆள்.
அன்று நாலு பத்துக்கு அச்சிட்டு
முத்திரை குத்திக் கொடுத்தேன்.
மை காயவில்லை என்று
பெயரின் மேல் மெல்ல ஊதிக்கொண்டே
படி இறங்கினார்
செபமாலை.